தவிட்டுப் பிள்ளையின் கம்பளிச் சட்டை

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் எதுவும் காயாது. வாசல் இஸ்தோப்புக் கொடியில் நாலு நாளாகத் தொங்கும் சேலையைப் பிழிந்தால் இன்னமும் தண்ணீர் சொட்டும். கந்தப்பனின் பட்டாளத்துக் கோட்டு பூசணம் பிடித்து நாறும், பிள்ளையின் மூத்திரத் துணிகள் அடுப்புக்கு மேலே கிடந்து புகைவாடை அடிக்கும். அன்றைக்கும் கந்தப்பனின் பெண்சாதி அழகம்மா மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்துப் போட்டு, ஆயாக்கள் பிள்ளை பார்க்கும் புள்ளமடுவத்தில் விட்டிருந்த மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, கொடியில் கிடந்தவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு வசவு கொடுத்தாள். கடைசியில் தொங்கியது பிள்ளையின் கம்பளிச் சட்டை. அதைத் தொட்ட கை அப்படியே நின்றுவிட்டது. சட்டை காய்ந்திருந்தது.

காய்ந்தது மட்டுமா? சூடாக வேறு இருந்தது. நெஞ்சுப் பக்கம் கொஞ்சம் கூடுதல் சூடு, கக்கத்தில் அதைவிடக் கூடுதல், பிள்ளையை இப்போதுதான் அதிலிருந்து உருவி எடுத்த மாதிரி. காலையில் மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீரில் அலசி, பிழிந்து, சொட்டச் சொட்டக் கொடியில் போட்டவள் அவளேதான். பிள்ளை அன்று முழுக்கப் பழந்துணி சுற்றிக்கொண்டு கிடந்தான். அடுப்புச் சூடு அடித்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடுப்பை அவள் இன்னும் பற்றவைக்கவே இல்லை.

இடுப்பிலிருந்த மூக்கன் சட்டையைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினான். பொக்கை வாயைத் திறந்து சிரித்தான். ஆனால் அவன் பார்த்தது சட்டையை இல்லை. சட்டைக்கு மேலே, கொடிக்கும் மேலே, ஒரு ஆள் நின்றால் முகம் இருக்கக்கூடிய உயரத்தில் அவன் கண் நின்றது. அழகம்மா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மூடுபனிதான் இருந்தது.

சட்டையைக் கொடுத்தவள் நாத்தனார் வேலாயி. கொடுத்தாள் என்றா சொல்வது? மூஞ்சியில் எறிந்தாள் என்று சொல்ல வேண்டும். தீபாவளிக்குக் கடையில் துணி எடுக்க வக்கில்லாத குடும்பத்தில் ஆளுக்கு ஒன்று கையால் செய்து, பண்டிகைக்கு முன்னாலேயே கொடுப்பது வழக்கம். அழகம்மா ஒரு மாவுச் சாக்கைக் கிழித்து, வெளுத்து, பழைய சேலைக் கரையை ஓரத்தில் வைத்துத் தைத்து, நாத்தனார் கொழுந்து பறிக்கையில் இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு படங்கு செய்து வைத்திருந்தாள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய புண். வேலாயி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சாக்கா? ம், எனக்கு இது போதும்னு நெனைச்சிருக்க."

அப்புறம்தான் மடியிலிருந்து அந்த இளநீலச் சட்டையை எடுத்து எறிந்தாள்.

"இந்தா. எந் தம்பி மகன் குளுருல வெறைச்சுப் போயிரக் கூடாதுல்ல. பெத்தவளுக்கு இல்லாத அக்கறை அத்தைக்கு இருக்கு."

"நூலு புதுசா மதினி?"

"பின்ன? அட்டன் டவுன் கடையில எடுத்தது. சீமை நூலு. கண்ணு முழிச்சுப் பின்னியிருக்கேன், அதக் கேக்க நாதியில்ல, நூலு புதுசான்னு கேக்குறா பாரு!"

கந்தப்பனுக்கு அக்காவைப் பற்றிப் பெருமை தாங்கவில்லை. உடனே பிள்ளைக்குப் போட்டுப் பார்த்தான். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. கழுத்து, தோள், மணிக்கட்டு எல்லாம் கச்சிதம். இடது கை ஓரத்தில் மட்டும் ஒரு நூல் முனை முடிச்சுப் போடாமல் தொங்கியது. வேலாயி ஒரு நாளும் பிள்ளையை அளந்து பார்த்ததில்லை, தூக்கியதே அபூர்வம் என்பது அழகம்மாவுக்கு அப்போதே உறைத்தது. பண்டிகை நேரத்தில் எதற்கு வம்பு என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

மூக்கன் அவளுக்கு மூன்றாவது. மூத்தது இரண்டும் மண்ணுக்குப் போய்விட்டன. ஒன்று பெயர் வைக்கும் முன்னே, இன்னொன்று தவழ ஆரம்பித்த பிறகு. இந்த ஒன்றாவது தங்கட்டும், வேறெதுவும் வேண்டாம் என்று அவள் வேண்டாத சாமி அந்த மலையில் இல்லை. அவன் பிறந்தபோது வேலாயிதான் சொன்னாள், தவிட்டுக்கு வித்துரு என்று. லயத்தில் எல்லாரும் செய்கிறதுதான். பிள்ளை தங்காத வீட்டில் பிறந்ததைச் சொளகில் கிடத்தி அடுத்த வீட்டுக்காரியிடம் கொடுப்பார்கள். அவள் ஒரு கை தவிட்டைக் கொடுத்து வாங்கிக்கொண்டு, இது எம்புள்ள என்பாள். அடுத்த மூச்சிலேயே, எம்புள்ளைய நீ வளத்துக் குடு என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள். பிள்ளை வேறொருத்தியுடையது என்று எமனை ஏமாற்றுகிற கூத்து அது. விற்கிறவளுக்கும் தெரியும், வாங்குகிறவளுக்கும் தெரியும். மூக்கைக் குத்தி, மூக்கன் என்று பெயரும் வைப்பார்கள்.

வேலாயியின் புத்தி அதோடு நின்றதா? அவள் அப்போது வெள்ளைக்காரத் தொரையின் பெரிய பங்களாவில் ஆயா. லயத்துக்காரியிடம் விற்றால் எமன் காம்பரா காம்பராவாகப் புகுந்து தேடிவிடுவான், தொரசாணியிடம் விற்றால் பங்களா கேட்டைத் தாண்டி எந்த எமன் வருவான் என்று கேட்டாள். கேட்கிறதுக்கு நன்றாகத்தான் இருந்தது. தொரசாணி கோழிக்கு வைத்திருந்த தவிட்டில் ஒரு கை அள்ளிக் கொடுத்துப் பிள்ளையை வாங்கினாள். அது கூத்து என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. போன வருசம்தான் அவள் தன் பிள்ளையைக் காய்ச்சலுக்குக் கொடுத்திருந்தாள். மூக்கனை மடியில் போட்டுக்கொண்டு, முகத்தை அவன் வயிற்றில் புதைத்துக்கொண்டு அழுதாள். "என்னுதா?" என்று பாதித் தமிழில் கேட்டாள். இந்த வேலாயி மடச்சி, "ஆமாங்க தொரசாணி, ஒங்களுதுதான்" என்றாள்.

தொரசாணி அவனை ஜானி என்று கூப்பிட்டாளாம். அவளுடைய செத்த பிள்ளையின் பெயர். அழகம்மா பால் கட்டி நெஞ்சு தெறிக்கப் பங்களாக் குசினி வாசலில் பொழுது சாயும் வரை நின்றாள். கடைசியில் தொரையே பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். பிள்ளையின் மேல் பவுடரும் பூச்சி உருண்டையும் கலந்த ஒரு வாடை அடித்தது. உள்ளே அந்த அம்மா போட்ட கூச்சல் ரோடு வரைக்கும் கேட்டது. வளத்துக் குடு என்கிற வார்த்தையை அவள் சொல்லவேயில்லை. அப்புறம் தோட்டம் கைமாறி, ஆடி மாசத்தில் தொரையும் தொரசாணியும் சீமைக்குக் கப்பல் ஏறினார்கள். விட்டது சனியன் என்று அழகம்மா மாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தாள்.

சட்டை சூடாக இருந்த அன்றிலிருந்து பிள்ளை சரியில்லை. அழுகை நின்றுபோனது. லயத்தில் பிள்ளை அழாவிட்டால் எல்லாரும் கொடுத்துவைத்தவள் என்பார்கள், அவளையும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் அவன் பசிக்கும் அழவில்லை. மார்பை வாயில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வயிறு மட்டும் எப்போதும் நிறைந்து, தட்டினால் தொப்தொப்பென்றிருந்தது. ஒரு நாள் தோளில் போட்டுத் தட்டும்போது ஏப்பம் விட்டான். அந்த வாடை அவள் மூக்கில் ஏறியது. டின் பால். இனிப்பாக, கனமாக, தகர வாடையோடு, பங்களாவில் கரைக்கிற டின் பால். அவர்கள் வீட்டில் அதை ஒரு நாளும் வாங்கியதில்லை.

"புள்ளமடுவத்துல குடுத்திருப்பாங்க" என்றான் கந்தப்பன்.

"அங்க கஞ்சித் தண்ணி குடுக்கவே மூக்கால அழுவாளுக. டின் பாலா குடுப்பாளுக?"

"அப்ப நல்லதுதானே. யாரோ குடுக்குறாங்க, புள்ள குடிக்குது. இதுக்குமா மொகத்தத் தூக்குவ?"

அவன் அப்படித்தான். சும்மா கிடைக்கிறது என்றால் எதையும் கேட்கமாட்டான். மூக்கா என்று கூப்பிட்டால் பிள்ளை இப்போது திரும்புவதில்லை. அவள் சொடக்குப் போட்டாள், கை தட்டினாள், தட்டில் கரண்டியால் அடித்தாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த காம்பரா வைகாசியிலிருந்து காலி. அங்கேயிருந்துதான் அந்தச் சத்தம் வர ஆரம்பித்தது. மழை ஓட்டில் கொட்டும்போது கேட்காது. மழை விட்டு, கூரை சொட்டி முடிந்து, எதிர் லயத்து நாய்களும் அடங்கியபிறகு, மெலிசாக, நிதானமாக, டிக், டிக், டிக் என்று கேட்கும். இரண்டு இரும்புக் கம்பி ஒன்றோடொன்று உரசுகிற சத்தம். பிள்ளை அதற்குத் தாளம் போடுகிற மாதிரி காலை ஆட்டுவான்.

ஒரு சாயங்காலம் சட்டையின் கழுத்தில் முகம் வைத்தபோது அந்த வாடை வந்தது. பவுடர், பூச்சி உருண்டை. ஐயோ என்று சட்டையை உருவி, அடுப்பங்கரை மூலையில் விறகுக்குப் பின்னால் எறிந்தாள். பிள்ளையைத் தன் சேலைக்குள் விட்டு, கம்பளியால் போர்த்தி, அடுப்போரம் உட்கார்ந்தாள். கங்கு தகதகவென்று எரிந்தது, அவளுக்கே வியர்த்தது. பிள்ளை அவள் நெஞ்சோடு சேர்ந்து கிடந்தபடியே குளிர்ந்துகொண்டு போனான். முதலில் கால். அப்புறம் முழங்கால், வயிறு. உதடு நீலம் பாரித்தது. மூத்தது இரண்டும் போனபோது பார்த்த அதே நீலம். மூச்சு விட்டுவிட்டு வந்தது. அவள் தேய்த்தாள், ஊதினாள், மாரியாத்தா என்று கத்தினாள். கடைசியில் விறகை இழுத்துத் தள்ளி, கரி படிந்த அந்தச் சட்டையை எடுத்து, தன் கையாலேயே அவனுக்குத் திரும்ப மாட்டினாள். மாட்டிய மறு நிமிடம் கன்னத்தில் ரத்தம் ஏறியது. சிரித்தான்.

சட்டையைக் கழற்றினால் பிள்ளை சாகும். போட்டிருந்தால் அவளுடைய பிள்ளையாக இருக்கமாட்டான். அன்று அவளுக்கு இது விளங்கிவிட்டது, யாரிடம் போய்ச் சொல்ல?

கந்தப்பனிடம் சொன்னாள். அவன் கொழுந்து அரைக்கிற ஸ்டோருக்கு ராக்காவல் போகக் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

"சீமை நூலு, அதான் அப்புடிச் சூடு. மஃறூப் நானா கடையில சும்மா வெலைக்குக் கெடைச்சிருக்கு அக்காவுக்கு. பை நெறைய நூலாம்."

"நானா கடையா? அட்டன்ல புதுசா எடுத்ததுன்னுல்ல சொன்னா ஒங்கக்கா!"

கந்தப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவனுடைய கோட்டும் அந்தக் கடைச் சரக்குதான். "தீபாவளி முடியட்டும், பூசாரிகிட்டக் காட்டி ஒரு கயிறு கட்டிருவோம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை தீபாவளிச் சாமான் வாங்குகிற சாக்கில் அவள் பிள்ளையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு மஸ்கெலியாவுக்கு பஸ் ஏறினாள். மஃறூப் நானாவின் பழைய சாமான் கடைக்குள் பகலிலும் லாம்பு எரியும். தொரைமார் ஒவ்வொருவராக நாட்டைவிட்டுப் போகப்போக அவர்களுடைய வீடு முழுக்க அங்கேதான் வந்து குவிந்தது. கை உடைந்த நாற்காலி, கீறல் விழுந்த பீங்கான், சப்பாத்து, தொப்பி, யாரோ படுத்த மெத்தை, யாரோ பல் கொப்பளித்த கோப்பை. எல்லாவற்றிலிருந்தும் அந்தப் பூச்சி உருண்டை வாடை. பிள்ளை அங்கே நுழைந்ததும் கையைக் காலை உதறிக்கொண்டு குதித்தான். சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி ஒரு சந்தோசம் அவனுக்கு.

"அந்த நூல் பையா?" நானா பிள்ளையின் சட்டையை எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "ஒங்கட தோட்டத்துப் பங்களாச் சாமான் ஏலத்துல வந்தது தங்கச்சி. ஊசி ரெண்டுலயும் பாதி பின்னின சட்டை அப்புடியே தொங்கிட்டு இருந்துச்சு. ஒரு புள்ளைய வாங்கியிருக்கேன், அதுக்குத்தான்னு சொல்லிச் சொல்லிப் பின்னிச்சாம் அந்த அம்மா. கப்பலுக்குப் போற அன்னைக்குத் தொரைதான் கையில இருந்து புடுங்கி அலுமாரிக்குள்ள போட்டாராம்."

"இப்ப அவங்க சீமையிலதானே நானா?"

"எங்க போய்ச் சேர்ந்தாங்க? அந்த அம்மா வழியிலேயே மவுத்து. கடல்லயே எறக்கிட்டாங்கன்னு பங்களாவுல சமைச்ச அப்புதான் சொன்னான்."

அழகம்மா பிள்ளையைச் சுற்றியிருந்த கம்பளியை விலக்கினாள். "இத நீங்களே வச்சுக்குங்க. எனக்கு ஒரு சதமும் வேணாம்" என்றாள், பிள்ளை மேல் கிடந்த சட்டையைப் பிடித்துக்கொண்டு. கழற்ற முடியாது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

"வித்த சாமான் நாங்க திருப்பி எடுக்கிறல்ல" என்றார் நானா. அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுடைய தோளுக்குப் பின்னால் பார்த்தபடி, லாம்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

லயத்துக்குத் திரும்பியதும் நேரே வேலாயியின் காம்பராவுக்குப் போனாள். வேலாயி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"பாதிச் சட்டையத்தானடி வாங்குன? மீதிய நீ பின்னுனியா? சொல்லு!"

"என்னடி மரியாதை கெட்டுப்போச்சு? நாந்தான் பின்னுனேன். வேற எவ பின்னுவா?"

"எனக்கு முன்னால ஒரு வரி பின்னு, பாப்போம்."

வேலாயி ரொட்டியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தாள். அது கருகியது. கடைசியில் வாயைத் திறந்தபோது அவளுடைய திமிரெல்லாம் போய்விட்டிருந்தது.

"எனக்குப் பின்னத் தெரியாதுடி. தொரசாணிக்கு நூலு உருண்ட புடிச்சதோட சரி. யாரயாச்சும் புடிச்சு முடிப்போம்னுதான் பையி அந்த மூலையில கெடந்துச்சு. விடிஞ்சு பாத்தா ரெண்டு வெரக்கட வளந்திருந்துச்சு. மறுநாளு கை ஒன்னு. அதுக்கு மறுநாளு இன்னொன்னு. கூலியில்லாம வேல நடக்குது, நமக்கென்னன்னு விட்டுட்டேன்."

"பாவி! தெரிஞ்சா கொண்டாந்து எம்புள்ள மேல போட்ட?"

"புதுச் சட்டைடி அது! நல்ல சட்டை! எங் கையால ஒன்னு செஞ்சு குடுத்தேன்னு இருக்கட்டுமேன்னு..." வேலாயி அழ ஆரம்பித்தாள். "ஊசி ரெண்டும் இங்க இல்ல அழகம்மா. சட்டைய ஒங்கிட்டக் குடுத்த அன்னையிலருந்து காணோம். நீதான எடுத்துட்டுப் போன? சொல்லுடி. நீதான?"

அழகம்மா திரும்பி நடந்தாள். தூ என்று வாசலில் துப்பிவிட்டுப் போனாள்.

தீபாவளி அன்று விடிவதற்கு முன்னாலேயே எழுந்து அடுப்பை மூட்டினாள். கந்தப்பன் காவல் முடிந்து வந்ததும் எல்லாரும் எண்ணெய் தேய்த்து முழுக வேண்டும். கீழே எங்கோ யாரோ முதல் வெடியைப் போட்டார்கள், அது மூடுபனிக்குள் தலையணைக்குள் வெடித்த மாதிரிக் கேட்டது. நல்லெண்ணெயில் மிளகும் ஓமமும் போட்டுக் காய்ச்சினாள். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வைத்தாள். அவளுக்கு ஒரு யோசனை. நல்ல நாள், சாமி இறங்குகிற நேரம். சூடான எண்ணெயும் சூடான தண்ணீருமாக இருக்கும்போது சட்டையைக் கழற்றினால் பிள்ளை குளிரமாட்டான். முழுகி எழுந்ததும் மஞ்சள் வைத்த புதுத் துண்டால் சுற்றிவிட்டால் போதும். அந்த இடைவெளியில் சட்டை அடுப்புக்குள் போய்விடும். எம்புள்ள எம்புள்ளதான் என்று வாய்விட்டே சொன்னாள்.

காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் கிடத்திக்கொண்டாள். சட்டையின் கீழ் ஓரத்தைப் பிடித்து மேலே தூக்கினாள். ஓரம் அகப்படவில்லை. விரலை வயிற்றின் மேல் ஓட்டிப் பார்த்தாள். கம்பளி, கம்பளி, கம்பளி, அப்புறம் தோல். இரண்டுக்கும் நடுவே விரல் நுழைய இடமில்லை. கழுத்தில் பார்த்தாள். அங்கேயும் அப்படியே. கம்பளியைப் பிடித்து மெதுவாக இழுத்தாள். கன்னத்துத் தோல் சேர்ந்து இழுபட்டது. பிள்ளை சிரித்தான். விளக்கைக் கிட்டே இழுத்து வைத்து அவன் கன்னத்தைப் பார்த்தாள். தோலில் மெல்லிய வரிகள் ஓடின. வரிசை வரிசையாக. பின்னல் வரிசை.

டிக்.

சுவருக்கு அந்தப் பக்கம் இல்லை. இந்தப் பக்கம்.

டிக். டிக்.

இடது கை ஓரத்தில் முடிச்சுப் போடாத அந்த நூல் முனை இப்போது தொங்கவில்லை. பிள்ளையின் கையிலிருந்து கிளம்பி, அவளுடைய முழங்காலைத் தாண்டி, எண்ணெய்க் கிண்ணத்தைத் தாண்டி, சாக்குக்கட்டிலுக்கு அந்தப் பக்கம் இருட்டு மூலைக்குப் போயிருந்தது. விறைப்பாக நின்றது. அவள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே ஒரு விரல் நீளம் நகர்ந்தது. ஒரு வாடை வந்தது. உப்பு, ஈரம், அழுகல். கருவாட்டு மூட்டையைத் தண்ணீரில் ஊறப்போட்ட மாதிரி. அழகம்மா கடலைப் பார்த்ததே இல்லை. அது கடல் வாடை என்று அவளுக்குத் தெரியாது.

மூலையில் இரண்டு கைகள் இருந்தன. முழங்கை வரைக்கும்தான் விளக்கு வெளிச்சம் எட்டியது. வெள்ளைக் கை. ரொம்ப நாள் தண்ணீரில் கிடந்து ஊறி, சுருங்கி, நகம் கழன்ற கை. ஊசிகளைக் கீழே வைத்துவிட்டு, நூலைப் பிடித்து, நிதானமாக, உருண்டையாகச் சுற்ற ஆரம்பித்தன.

"ஜானி."

பிள்ளை அந்தப் பக்கம் திரும்பினான். அவளுடைய மூக்கன், ஊரே கத்தினாலும் திரும்பாதவன், சட்டென்று திரும்பினான்.

அழகம்மா பிள்ளையை வாரித் தூக்கினாள். கம்பளிப் போர்வைக்குள் சுருட்டினாள். எண்ணெய் கவிழ்ந்தது, விளக்கு விழுந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தாள். ஏதோ பின்னாலிருந்து இழுத்தது, சேலையைப் பிடித்தாற்போல. ஒரு உதறு உதறித் திமிறிக்கொண்டு ஓடினாள்.

ஸ்டோருக்குப் போய்விட வேண்டும். அங்கே வெளிச்சம் இருக்கிறது. காவலுக்கு அவர் இருக்கிறார். படிக்கட்டு, பீலி, மாரியம்மன் கோயில், அப்புறம் தேயிலைக்குள்ளே குறுக்குப் பாதை. மூடுபனி வாய்க்குள் புகுந்தது. தேயிலைச் செடி சேலையைக் கிழித்தது. கல் இடறி நகம் பெயர்ந்தது. நிற்கவில்லை. பிள்ளை தோளுக்கு மேலே எட்டிப் பின்னால் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தான். யாரையோ பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. "பாக்காத சாமி. அங்க பாக்காத. அம்மாவப் பாரு." மேலே இருட்டுக்குள்ளிருந்து தாலாட்டு மாதிரி ஒன்று வந்தது. பாசை புரியவில்லை. சிரிப்பு மெலிந்தது. எல்லாம் பயம்தான், பயத்தில் காது அடைக்கிறது என்று நினைத்தாள். கை வலிக்கவில்லை. மூச்சு வாங்கவில்லை. எவ்வளவு தூரம் ஓடினாலும் பாரமே தெரியவில்லை. ஆத்தா தாங்குகிறாள். மாரியாத்தாதான் பிள்ளையைத் தாங்குகிறாள். ஓடு. ஓடு.

ஸ்டோர் வாசல் லாம்பு தெரிந்தது. "இங்க பாருங்க! இங்க வாங்க! ஐயோ வாங்களேன்!"

கந்தப்பன் கோட்டும் தடியுமாக ஓடி வந்தான். அவள் அவன் காலடியில் போய் விழுந்தாள். கம்பளியை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"என்னடி? என்னாச்சு? புள்ள எங்க?"

"இந்தா... இந்தா இருக்கான். ஒன்னும் ஆகல. தூக்கியாந்துட்டேன். அவகிட்டருந்து தூக்கியாந்துட்டேன்!"

அவன் லாம்பைத் தாழ்த்திப் பிடித்தான். அவள் கம்பளியை விரித்தாள்.

உள்ளே நீல நூலால் ஆன ஒரு கை ஓரம் கிடந்தது. வலது கை. மணிக்கட்டு அளவு. அதிலிருந்து ஒரு கை நீட்டிக்கொண்டிருந்தது, எண்ணெய் மினுங்குகிற ஐந்து சின்ன விரல். அது அவளுடைய ஆட்காட்டி விரலை இறுகப் பிடித்திருந்தது. சூடாக இருந்தது. மணிக்கட்டுக்கு அப்பால் எதுவும் இல்லை. நூல் ஒன்றுதான் இருந்தது. அது கம்பளியைத் தாண்டி, அவள் ஓடி வந்த பாதை நெடுகத் தேயிலைக்கு மேலாக, மூடுபனிக்குள் ஏறிப் போயிற்று.

"என்னடி இது?" கந்தப்பனின் குரல் அவனுடையது மாதிரியே இல்லை. இடுப்புக் கத்தியை உருவினான். "அறுத்துர்றேன். அறுத்துர்றேன்டி."

"அறுக்காதீங்க! அறுத்தா மேல போன மீதிப் புள்ள எங்கிட்ட வராது! ஐயோ, அறுக்காதீங்க!"

நூல் ஒரு சுண்டு சுண்டியது. ஓரத்தில் ஒரு வரிசை அவிழ்ந்தது. கட்டைவிரல் அவிழ்ந்தது. வலி இல்லாமல், ரத்தம் இல்லாமல், வரி வரியாக. அவள் நூலைப் பற்களால் கடித்துப் பிடித்தாள். அது உதட்டை அறுத்துக்கொண்டு ஓடியது. மேலே யாருக்கும் அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை. இன்னொரு விரல். இன்னொன்று. கந்தப்பன் லாம்பைப் போட்டுவிட்டு மேட்டை நோக்கிக் கத்தினான். கீழே லயங்களில் வெடிச் சத்தம் கூடிக்கொண்டு வந்தது, யாரோ பிள்ளைகள் ஆரவாரம் போட்டார்கள்.

கடைசியில் சுண்டுவிரல் மட்டும் இருந்தது. அது அம்மாவின் விரலை வளைத்துப் பிடித்துக்கொண்டு, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி இறுக்கிக்கொண்டிருந்தது. நூல் மேலே போய்க்கொண்டே இருந்தது.